காசு கொடுத்து அடி வாங்கிய நான்கு சீசன்கள்

மகன் கல்லூரி அணியில் ஃபுட்பால் ஆடப் போகிறான் என்று பாளையங்கோட்டைக்கு போன் செய்து சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்பதுதான். அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் விளையாட்டு சும்மா நடந்ததில்லை. அண்ணன் வாலிபால் ஆடியே கல்லூரியில் இடம் வாங்கினான், வாலிபால் ஆடியே ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போனான், அந்த வேலையைக் காட்டித்தான் பெண்ணும் பார்த்தார்கள். "ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் அம்மா, நாம்தான் ஃபீஸ் கட்ட வேண்டும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்படியானால் காசு கொடுத்து அடி வாங்கப் போகிறானா?" என்றாள்.

2022 ஆகஸ்டில் தொடங்கி 2025 நவம்பரோடு அவனுடைய நான்கு சீசன்களும் முடிந்துவிட்டன. அமெரிக்காவின் ஒஹாயோவில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் உயர்நிலைப் பள்ளியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இப்போது என்னைத் தேடி வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் அடிப்படை. இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்ப்பதாகத் தொலைக்காட்சியில் வரும் ஆட்டமெல்லாம் முதல் பிரிவைச் சேர்ந்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது, அது விதி. ஆனால் கல்லூரிகளின் எண்ணிக்கையில் அந்த மூன்றாம் பிரிவுதான் பெரியது. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 240 கல்லூரிகளில் ஃபுட்பால் அணி உண்டு. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை. ஆனால் அவை முதல் பிரிவில் இருக்கின்றன, அது வேறு கதை.

என் மகன் என்ன ஆடுகிறான் என்று கேட்டால் விளக்குவதற்குள் காபி ஆறிவிடும். அவன் லாங் ஸ்னாப்பர். பந்தை எதிரணியிடம் உதைத்து அனுப்ப வேண்டிய நேரத்தில் நடுவில் குனிந்து நின்று, தன் கால்களுக்கு நடுவே, பின்னால் 15 கெஜ தூரத்தில் நிற்பவனின் கைக்குப் பந்தை எறிய வேண்டும். முக்கால் நொடியில் போய்ச் சேர வேண்டும். எறிந்து முடித்து நிமிரும்போது எதிரில் நிற்பவன் வந்து மோதுவான். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு முறை இந்த வேலை வரும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் அவன் பெயர் வருகிறதென்றால் பந்து எங்கோ பறந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு வருடங்களில் ஆட்டத்துக்கு நடுவே அவன் பெயரை மூன்று முறை கேட்டிருக்கிறேன்; மூன்று முறையும் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் கார் ஷெட்டின் கதவில் இன்றும் பந்து பட்ட பள்ளங்கள் இருக்கின்றன.

ஐந்தடி பத்து அங்குலம் உயரமும் சராசரி உடம்பும் உள்ள பையனுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பது எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் நடந்துகொண்டவர்கள் எங்களிடம் காசு வாங்கியவர்கள்தான். பிள்ளையின் விளையாட்டுப் படத்தைக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைப்போம் என்று ஒரு நிறுவனம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் வாங்கியது. அவர்கள் செய்த வேலை, கல்லூரி இணையதளத்தில் எல்லோர் கண்ணிலும் படும் மின்னஞ்சல் முகவரிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பியது. அதே வேலையை மகனே பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து செய்தான். மூன்று நிமிட வீடியோ, மதிப்பெண் பட்டியல், பள்ளிப் பயிற்சியாளரின் தொலைபேசி எண், எந்தப் பாடம் படிக்க ஆசை என்று இரண்டு வரி, அவ்வளவுதான். முப்பது கல்லூரிகளுக்கு எழுதினான், பதினெட்டிலிருந்து பதில் வந்தது. மூன்றாம் பிரிவில் பயிற்சியாளர்களுக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது; கதவைத் தட்டினால் திறப்பார்கள். நடுவில் தரகருக்கு வேலை இல்லை.

கல்லூரிகள் நடத்தும் கோடைகால கேம்ப்புகளுக்கான அழைப்புகள் அடுத்தது. "உங்கள் மகனின் வீடியோவைப் பார்த்தோம், வியந்தோம், இந்த கேம்ப்புக்கு வாருங்கள், கட்டணம் இவ்வளவு" என்று கடிதம் வரும். பெயர் போட்டு வரும் என்பதால் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் விசாரித்தபோது, ஃபுட்பாலை விட்டு ஒரு வருடம் ஆன பையனுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. 2021 கோடையில் நாங்கள் ஐந்து கேம்ப்புகளுக்குப் போனோம், இரண்டு போதும். எந்தக் கல்லூரிக்கு உண்மையிலேயே போகும் எண்ணம் இருக்கிறதோ அங்கே மட்டும் போங்கள். போகும் முன், இவனுடைய இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறீர்களா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இரண்டு லாங் ஸ்னாப்பர்கள் முதலாம் ஆண்டில் இருக்கும் கல்லூரிக்கு நான்கு மணி நேரம் காரோட்டிப் போன முட்டாள் நான்.

இனி பணம். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு பயிற்சியாளர் எங்களை அலுவலகத்தில் உட்காரவைத்து, "பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஏதாவது வழி செய்வோம்" என்றார். என் மனைவி கண்ணால் என்னைப் பார்த்தாள். ஊரில் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. ஆனால் மூன்றாம் பிரிவில் அவர் செய்யக்கூடிய வழி என்று ஒன்றும் கிடையாது. நிதியுதவியை நிர்ணயிக்கும்போது இவன் ஆடுவான் என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. விளையாடும் மாணவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் போகிறதா என்று ஒவ்வொரு வருடமும் என்.சி.ஏ.ஏ. கணக்குக் கேட்கிறது. நல்ல பயிற்சியாளர் அதிகபட்சம் செய்வது, மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே அட்மிஷன் அலுவலகத்திடம் காட்டி, இடம் கிடைக்குமா, மதிப்பெண் அடிப்படையில் எவ்வளவு உதவி வரக்கூடும் என்று கேட்டுச் சொல்வது. அது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த கல்லூரியில் அதைச் செய்தார்கள்.

அப்படியானால் "ஃபுட்பாலில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது" என்று வாட்ஸ்அப்பில் பலர் சொல்வது எது? சிறிய தனியார் கல்லூரிகளின் விலைப்பட்டியல் நம் ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி. வருடத்துக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் என்று பலகையில் எழுதியிருக்கும். அந்த விலையைக் கொடுப்பவர் குறைவு. நாடு முழுக்கத் தனியார் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி சராசரியாகப் பாதியைத் தாண்டிவிட்டது. அந்தத் தள்ளுபடிக்குத் தலைவர் ஸ்காலர்ஷிப், நிறுவனர் ஸ்காலர்ஷிப் என்று அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பையன் பந்தைத் தொடாமலே இருந்தாலும் அது கிடைத்திருக்கும். பதினோராம் வகுப்பு மதிப்பெண்தான் அதைத் தீர்மானித்தது. ஜிம்முக்குப் போன ஒரு மணி நேரத்தைவிட இயற்கணிதத்துக்குச் செலவிட்ட ஒரு மணி நேரம் எங்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்று மகனிடம் சொன்னேன். அவன் அதை ரசிக்கவில்லை.

கல்லூரிக்கும் இதில் கணக்கு இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு மாணவர்கள் உள்ள கல்லூரியில் நூற்றிருபது பேர் ஃபுட்பால் ஆட மட்டுமே வருகிறார்கள் என்றால், தள்ளுபடி போக ஆளுக்கு இருபதாயிரம் வந்தாலும் மின்கட்டணம் கட்டிவிடலாம். ஆண் மாணவர்கள் குறைந்துவரும் காலத்தில் அது இன்னும் முக்கியம். ஆர்கன்சாவில் உள்ள ஹென்ட்ரிக்ஸ் கல்லூரி 1960-இல் கைவிட்ட ஃபுட்பாலை 2013-இல் மீண்டும் தொடங்கியது. அதே வருடம் ஜார்ஜியாவில் பெர்ரி கல்லூரியும் அணி தொடங்கியது. பெரும்பாலான சிறிய கல்லூரிகளில் பயிற்சியாளர் பாதி நேரம் அட்மிஷன் ஊழியர்தான். இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக இல்லை. "நீ எங்களுக்கு வேண்டும்" என்று அவர் சொல்லும்போது உண்மையாகவே சொல்கிறார். அதே வாரத்தில் இன்னும் நாற்பது பேரிடமும் உண்மையாகவே சொல்லியிருப்பார்.

ஆகவே நாங்கள் கணக்குப் போட்ட விதம் இது. ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் நிகர விலைக் கணிப்பான் ஒன்று இருக்கும். 2011-இலிருந்து அது சட்டப்படி கட்டாயம். அதில் எங்கள் வருமானத்தையும் மதிப்பெண்ணையும் போட்டு, ஃபுட்பால் என்ற ஒன்று உலகத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு, கையிலிருந்து போகும் தொகையைக் கண்டுபிடித்தோம். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் செலவை எடுத்துக் கழித்தோம். வித்தியாசம் ஏழாயிரம் டாலருக்கு மேல் வந்தது. வேறு ஒரு கல்லூரி அதிகம் தருவதாக எழுதிய கடிதத்தை இணைத்து, நிதியுதவி அலுவலகத்துக்கு நேரடியாக, பயிற்சியாளரை இழுக்காமல், மரியாதையாக ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு வாரத்தில் மூவாயிரம் கூட்டினார்கள். மீதி நாலாயிரம். வருடத்துக்கு அந்த நாலாயிரம்தான் எங்கள் வீட்டில் ஃபுட்பாலின் விலை என்று மகனை உட்காரவைத்துச் சொன்னோம். சரி என்றான், அதில் பாதியைக் கோடையில் வேலை பார்த்துத் தருவதாகவும் சொன்னான். இரண்டு கோடைகள் தந்தான்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. கல்விக் கட்டணம் வருடா வருடம் ஏறும், அந்த ஸ்காலர்ஷிப் தொகை ஏறாது. நான்காம் ஆண்டில் நாலாயிரம் ஏழாயிரத்தைத் தொட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு: சராசரி மதிப்பெண் (நான்குக்கு) 3.0-க்குக் கீழே போனால் உதவி நிற்கும் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் செமஸ்டரில் அவன் 2.9 வாங்கினான். எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று என் வீட்டில் நடந்ததை எழுத விரும்பவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அதுபோதும்.

கையெழுத்து என்றதும் நினைவு வருகிறது. 2022 பிப்ரவரியில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, கல்லூரித் தொப்பி வைத்து, மகனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாங்கள் இரு பக்கமும் நின்றோம். அருகில் முதல் பிரிவுக்குப் போகும் பையன் போட்ட கையெழுத்தில் சட்டம் இருந்தது. எங்கள் மகன் கையெழுத்திட்டது ஒரு கொண்டாட்டத் தாள். மறுநாள் மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போனாலும் யாரும் கேட்க முடியாது. படம் தமிழ்ப் பள்ளிக் குழுவில் போனதும் நாற்பது வாழ்த்துகள் வந்தன, பாதிப் பேர் தொகையைக் கேட்டார்கள். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு நழுவிவிட்டேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உதவிய ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அணியும் வீரர்கள் பட்டியலை இணையதளத்தில் போட்டிருக்கும், பழைய வருடங்களின் பட்டியலும் இருக்கும். நான் ஒரு இரவு உட்கார்ந்து, மூன்று வருடம் முன்பு முதலாம் ஆண்டில் இருந்தவர்களின் பெயர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணினேன். ஒரு கல்லூரியில் ஐம்பதுக்கு மேல் சேர்ந்து ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். இன்னொன்றில் முப்பதில் பதினாறு. பயிற்சியாளர் சொல்லும் எல்லாப் பேச்சையும்விட அந்த எண்ணிக்கை எனக்கு நிறையச் சொன்னது. பதினாறு பேர் மிஞ்சிய இடத்துக்குத்தான் போனான்.

இந்த உலகத்தை எனக்குப் பிடிக்கச் செய்தவர் நான் நேரில் பார்த்திராத ஒரு மனிதர். மினசோட்டாவில் காலேஜ்வில் என்ற ஊரில் செயின்ட் ஜான்ஸ் என்று ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கே ஜான் கக்லியார்டி 1953 முதல் 2012 வரை அறுபது சீசன்கள் பயிற்சியாளராக இருந்தார். வாழ்நாளில் மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் எந்தப் பிரிவிலும் எவரும் அதை எட்டியதில்லை. அவர் பயிற்சியில் ஒருவரையொருவர் தாக்கி வீழ்த்தக் கூடாது. விசில் கிடையாது. கேட்டு வந்த பையனை அணியிலிருந்து நீக்குவது கிடையாது. தன்னை "கோச்" என்று கூப்பிடவும் கூடாது, ஜான் என்றே கூப்பிட வேண்டும். நம் ஊர் உடற்பயிற்சி வாத்தியார்களின் பிரம்பை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது யாரோ கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது: ஸ்காலர்ஷிப்பைக் காட்டிப் பையனைக் கட்டிப்போட முடியாத இடத்தில், பையன் மறுநாளும் வர ஆசைப்படும்படி பயிற்சி இருந்தால்தான் அணி நிற்கும். ஜான் 2018-இல் காலமானார். மூன்றாம் பிரிவின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கம் எங்கள் ஒஹாயோவில் அலையன்ஸ் என்ற சிறிய ஊரில் உள்ள மவுண்ட் யூனியன். லேரி கேரஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் 1993-இல் முதல் தேசியப் பட்டத்தை வாங்கி, இதுவரை 13 பட்டங்கள். 2000-இலிருந்து தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்றார்கள். 2003 இறுதி ஆட்டத்தில் அதை முறித்தது யார் தெரியுமா, மேலே சொன்ன ஜானின் அணிதான், 24-6. 2021 இலையுதிர் காலத்தில் மகனை அலையன்ஸுக்கு அழைத்துப் போய் ஒரு ஆட்டம் காட்டினேன். ஸ்காலர்ஷிப் இல்லை என்றால் ஆட்டம் தெரு மட்டத்தில் இருக்கும் என்று நான் வைத்திருந்த எண்ணம் முதல் கால்மணி நேரத்திலேயே போய்விட்டது. மோதும் சத்தம் பார்வையாளர் வரிசை வரை கேட்டது. மூன்றாம் பிரிவிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களின் தேசிய லீக்குக்குப் போனவர்களும் உண்டு: ஹோபார்ட் கல்லூரியின் அலி மார்பெட் 2015-இல் அந்த லீக்கின் வீரர் தேர்வில் இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்டு, பின்னால் அதன் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்ற அணியில் ஆடினார். ஆனால் அந்தக் கனவோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். லாட்டரிச் சீட்டுக்குக்கூட அதைவிட வாய்ப்பு அதிகம் என்று சொன்னால் மிகை, ஆனால் பெரிய மிகை இல்லை.

வாரம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: காலை ஆறு மணிக்கு எடைப்பயிற்சி, எட்டிலிருந்து வகுப்பு, நான்கு மணியிலிருந்து ஆறரை வரை மைதானம், இரவு சாப்பாட்டுக்குப் பின் வீடியோ பார்ப்பது, சனிக்கிழமை ஆட்டம். வெளியூர் ஆட்டமென்றால் வெள்ளிக்கிழமையோ சனி விடியற்காலையோ பஸ். சம்பளமில்லாத அரை வேலை. மகன் வேதியியல் படித்தான். செவ்வாய்க்கிழமை ஆய்வகம் ஐந்து மணிக்குத்தான் முடியும். முதல் வாரமே பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னான். "ஆய்வகம் முடித்துவிட்டு வா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முதல் பிரிவில் ஆடிய நண்பனின் மகனுக்கு அந்தப் பாடத்தையே எடுக்காதே என்று சொன்னார்களாம். எங்களுக்கும் எல்லாம் சுகமாக இல்லை, ஓர் உதவிப் பயிற்சியாளர் ஒவ்வொரு செவ்வாயும் கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பயிற்சியாளரைவிட, உங்கள் பிள்ளை எடுக்கப் போகும் பாடத்தைப் படித்துக்கொண்டே ஆடும் மூன்றாம் ஆண்டு மாணவனைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அப்படி ஒருவனும் அணியில் இல்லையென்றால் அதுவே பதில்.

இரண்டாம் சீசனில் பயிற்சியின்போது தலையில் அடி. அவன் நினைவிழக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான். ஆனால் சீசன் தொடக்கத்தில் கணினியில் எடுத்துவைத்திருந்த நினைவாற்றல் சோதனையை மறுபடி எடுத்தபோது எண்கள் இறங்கியிருந்தன. அணியில் காயங்களைக் கவனிக்கும் மருத்துவப் பயிற்றுநர் (அந்த அம்மாளுக்கு என் நமஸ்காரம்) ஹெல்மெட்டை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார். முதலில் வெறும் நடை, பிறகு ஓட்டம், பிறகு மோதலில்லாத பயிற்சி என்று படிப்படியாக விட்டு, பதினேழு நாள் கழித்துத்தான் கொடுத்தார். அணியைப் பார்க்கப் போகும்போது மைதானத்தின் புல்லைப் பார்க்காதீர்கள். முழுநேர மருத்துவப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், அவர் வேண்டாம் என்றால் பயிற்சியாளர் மறுத்துப் பேச முடியுமா என்று கேளுங்கள்.

அந்த அடிக்கு எடுத்த ஸ்கேன் பில்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரியிடம் காப்பீடு இருக்கிறது என்று நம்பியிருந்தோம். இருந்தது, இரண்டாவதாக. முதலில் பெற்றோரின் காப்பீடு கட்ட வேண்டும், அது விட்டதைத்தான் கல்லூரியின் பாலிசி பார்க்கும். எங்கள் காப்பீடு ஏற்கும் மருத்துவமனைகளின் பட்டியலில் அந்த ஊர் மருத்துவமனை இல்லை. ஆறு மாதம் கடிதம் எழுதி எழுதி, எண்ணூறு டாலர் கைவிட்டுப் போனதோடு தப்பித்தோம். கல்லூரி இருக்கும் ஊரின் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, அங்கே யாரெல்லாம் உங்கள் காப்பீட்டில் இருக்கிறார்கள் என்று ஜூலை மாதமே போன் செய்து கேளுங்கள். என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு பேரிடர்க் காப்பீடு உண்டு, ஆனால் செலவு 90 ஆயிரம் டாலரைத் தாண்டிய பிறகுதான் அது வாய் திறக்கும். ஆகஸ்ட் பயிற்சிக்கு முன் அரிவாளணு (சிக்கிள் செல்) ரத்தப் பரிசோதனை முடிவும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஓடாமல் முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பெரிதாகப் படும் விஷயம். மகனோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பையன் நல்ல ஆட்டக்காரன், அவனை வைத்து அணியைக் கட்டப் போவதாகப் பேச்சு. முதல் சீசனின் மூன்றாவது வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, பயிற்சியாளரின் அறைக்குப் போய், எனக்கு இது போதும் என்று சொல்லிவிட்டு வந்தான். அவ்வளவுதான். கட்டணம் மாறவில்லை, அறை மாறவில்லை, மறுநாள் வகுப்புக்குப் போனான். கல்லூரியின் நாடகக் குழுவில் சேர்ந்தான். எனக்கு முதலில் அதிர்ச்சி. இரவில் யோசித்தபோது பொறாமையாகவும் இருந்தது. அண்ணனுக்கு முழங்கால் போன பிறகும் இரண்டு வருடம் ஊசி போட்டுக்கொண்டு ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தில்தான் அவன் சோறு இருந்தது, நிறுத்த முடியவில்லை. இங்கே இந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர் கொடுப்பது எதுவும் இல்லை, அதனால் பிடுங்கிக்கொள்ளவும் எதுவும் இல்லை. குளிரில் ஆறு மணிக்கு எழுந்து போகிறவன் போக வேண்டும் என்பதற்காகவே போகிறான். மகனோடு முதலாம் ஆண்டில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், கடைசி சீசனில் பத்தொன்பது பேர். விட்டுப் போன இருபத்துமூன்று பேரையும் தோற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பிள்ளை நடுவில் நிறுத்தினால் அந்தக் கல்லூரியில் அவனுக்கு மீதி என்ன இருக்கிறது என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

2024-இல் மகளும் கல்லூரிக்குப் போனாள். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் அரசு உதவிப் படிவமான ஃபாஃப்சாவில் சலுகை கிடைக்கும் என்று பல வருடமாக நம்பியிருந்தோம். அந்த வருடம்தான் படிவத்தையே மாற்றி, அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். வழக்கமாக அக்டோபரில் திறக்கும் படிவம் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. கல்லூரிகளின் கடிதங்களும் தள்ளிப்போயின. தம்பி தங்கைகள் வரிசையில் நிற்கும் வீடுகள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகனின் கடைசி சீசன் தொடங்கும் முன், 2025 ஜூனில், நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சமரச உடன்பாடு ஒன்றால் முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்றானது. ஒரு பல்கலைக்கழகம் அந்த வருடத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். செய்தியைப் படித்துக்காட்டினேன். மகன் அப்போது தன் பழைய காலணிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். "நல்ல விஷயம் அப்பா" என்றான், நிமிரவில்லை.

கடைசி உள்ளூர் ஆட்டம் நவம்பரில். நான்காம் ஆண்டு மாணவர்களைப் பெற்றோருடன் மைதானத்துக்கு நடத்திப் போனார்கள். மனைவி புடவை கட்டியிருந்தாள், மேலே கல்லூரியின் ஊதாக் குளிர்ச்சட்டை. பார்வையாளர் வரிசையில் நானூறு பேர் இருந்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரை வழக்கம்போல் தப்பாகவே படித்தார்கள். அன்று ஆறு முறை பந்தை எறிந்தான், ஆறும் சரியாகப் போய்ச் சேர்ந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றோம்.

அடுத்த வாரம் ஹெல்மெட்டையும் தோள்கவசத்தையும் திருப்பிக் கொடுத்தான். நான்கு வருடம் போட்டிருந்த ஜெர்சியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். வைத்துக்கொள்ளலாம், அறுபது டாலர் என்றார்களாம். பணத்தை நான்தான் அனுப்பினேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.